ஈறு தெரியச் சிரித்தால் என்ன?

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு மில்லிமீட்டர் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மலையிலிருந்து வந்து இறங்கும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, 8 மில்லிக் காய் தனி, 7 மில்லி தனி, அதற்குக் கீழே உள்ளது தனி என்று பிரித்து, முறத்தில் கொட்டி, வெடித்த காயையும் வெளுத்த காயையும் விரலால் பொறுக்கித் தள்ளுகிற பெண்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். காயின் பருமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் விலை ஒரு படி ஏறும். குறைந்தால் ஒரு படி இறங்கும்.

இதே மில்லிமீட்டர் கணக்கு ஒரு பெண்ணின் சிரிப்புக்குள்ளும் புகுந்துகொள்வதுண்டு. சிரிக்கும்போது மேலுதடு கொஞ்சம் கூடுதலாக ஏறி, பல்லுக்கு மேலே ஈறும் ஒரு பட்டையாகத் தெரிந்துவிட்டால் போதும். "பொம்பளைப் புள்ள ஈறு தெரியவா சிரிக்கிறது? வாயை மூடு தாயி!" என்று அதட்டுகிற பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு, "சிரிக்காமல் இரு, அதுவே நன்றாயிருக்கும்" என்று உத்தரவாகிறது. பத்து வயதில் கேட்ட அதட்டல் இருபது வயதில் பழக்கமாகிவிடுகிறது. விடியற்காலையில் போடியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பெண்களின் கேலிக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. அந்தக் கூட்டத்திலும் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டோ, முந்தானை முனையை உதட்டில் வைத்துக்கொண்டோதான் சிரிப்பேன் என்று ஒருத்தி இருப்பாள்.

இதில் நம் புலவர்களுக்கும் பங்கு உண்டோ என்று எனக்குச் சந்தேகம். பல்லை முல்லை அரும்பு என்றார்கள், முத்து என்றார்கள். உதட்டைப் பவளம் என்றும் கோவைப்பழம் என்றும் பாடினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஈறை யாராவது ஆசையாகப் பாடியதாக எனக்கு நினைவில்லை!

பாட்டி அதட்டியதோடு முன்பெல்லாம் விஷயம் முடிந்துவிடும். இப்போது அப்படியில்லை. பெரிய ஊர்களில், சிரிப்பை அழகாக்கித் தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் ஊசி போட்டால் சரியாகும் என்பார்கள். இன்னோரிடத்தில் லேசரால் ஈறை வெட்டினால் போதும் என்பார்கள். மற்றோரிடத்தில் தாடை ஆபரேஷன் வரைக்கும் போய்விடுவார்கள். கல்யாணத் தேதி நெருங்க நெருங்கப் பெற்றோரின் கை நகைப் பெட்டிக்குப் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள். ஈறு தெரிவது என்பது ஒரு வியாதியின் பெயரல்ல, ஒரு தோற்றத்தின் பெயர். ஜுரம் என்றால் மலேரியாவாகவும் இருக்கலாம், டைபாய்டாகவும் இருக்கலாம் அல்லவா? அதுபோல இந்தத் தோற்றம் ஈறால் வரலாம், பல்லால் வரலாம், தாடை எலும்பால் வரலாம், உதட்டால் வரலாம். ஒருத்திக்கே இரண்டு காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். ஆகவே அக்காள் மகளுக்கு நடந்த சிகிச்சை தங்கை மகளுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது.

எவ்வளவு தெரிந்தால் அதிகம்?

1984-ல் அமெரிக்காவில், 20 முதல் 30 வயது வரையுள்ள 454 பேரின் சிரித்த முகப் படங்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். நூற்றுக்குச் சுமார் 69 பேருக்கு மேல்வரிசை முன்பற்கள் முழுவதுமோ முக்கால் பங்குக்கு மேலோ தெரிந்தன. சுமார் 20 பேருக்குப் பல்லிலேயே ஒரு பகுதி உதட்டுக்குள் மறைந்திருந்தது. ஏறக்குறைய 11 பேருக்குப் பல்லோடு ஈறும் பட்டையாகத் தெரிந்தது. பத்துப் பேரில் ஒருவர் என்றால் அது அபூர்வமும் அல்ல, அவலட்சணமும் அல்ல. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம். பெண்களின் மேலுதடு பொதுவாகக் கொஞ்சம் குட்டை என்பது ஒரு காரணம்.

1999-ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி சுவாரசியமானது. சிரித்த வாய்ப் படங்களில் ஈறு தெரியும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பலருக்கும் காட்டினார்கள். பல்லுக்குக் கம்பி கட்டும் நிபுணர்கள் 2 மில்லிமீட்டரிலேயே குறை கண்டுபிடித்துவிட்டார்கள். நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களுக்கோ 4 மில்லிமீட்டர் வந்த பிறகுதான் வித்தியாசமே தெரிந்தது. சாதாரணப் பல் டாக்டர்களும் நம் கட்சிதான்! கண்ணாடி முன் நின்று கவலைப்படுகிற பெண்ணுக்குத் தெரிகிற 2 மில்லிமீட்டர் எதிரே நிற்கிறவர் கண்ணில் படுவதே இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இன்னொன்று. வயது ஏற ஏற மேலுதடு தளர்ந்து இறங்குகிறது. இருபதில் ஈறு தெரியச் சிரித்தவளுக்கு நாற்பதிலும் ஐம்பதிலும் அது குறைந்துகொண்டே வரும். அந்த வயதில் சிரிப்பு இளமையாகத் தெரிவதும் இவர்களுக்குத்தான்.

ஈறின் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படங்களில் காட்டுவதுபோல் எல்லோருக்கும் ஈறு ரோஜா நிறத்தில் இருக்காது. நம்மவர்களில் பலருக்கும் அது கறுத்தோ, திட்டுத் திட்டாகவோ இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள்தான் ஈறுக்கும் நிறம் கொடுக்கிறது, அது நோயல்ல. அந்தக் கறுப்பைச் சுரண்டியோ லேசரால் நீக்கியோ விடுகிறார்கள். ஆனால் நாளடைவில் நிறம் திரும்பி வருவது சகஜம். இதற்காகப் பணம் செலவழிப்பதை என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

பல் குட்டையா, ஈறு நீளமா?

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, மேல்வரிசை நடுப்பல்லைப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 10, 11 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அகலமும் உயரமும் ஒன்றுபோலச் சதுரமாக, பால் பல்லைப் போலக் குட்டையாகத் தெரிகிறதா? பல் உண்மையில் குட்டையாக இல்லாமல், அதன் மேல்பகுதி ஈறுக்குள் மறைந்திருக்கலாம். பல் முளைத்த பிறகு ஈறு மெல்ல மெல்ல மேலேறித் தன் இடத்துக்குப் போக வேண்டும். சிலருக்கு அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த வகைக்குத்தான் ஈறு வெட்டும் சிகிச்சை பொருந்தும். மரத்துப்போக ஊசி போட்டு, கூடுதலான ஈறைச் செதுக்கிவிடுவார்கள். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈறின் விளிம்புக்கும் அடியிலுள்ள எலும்புக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளியை உடம்பு எப்போதும் வைத்துக்கொள்ளப் பார்க்கும். எலும்பு மிக அருகில் இருக்கும்போது ஈறை மட்டும் வெட்டினால், சில மாதங்களில் ஈறு பழைய இடத்துக்கே வளர்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈறைப் பிரித்து எலும்பையும் கொஞ்சம் செதுக்க வேண்டும். எலும்பு எங்கே இருக்கிறதென்று முதலில் அளந்து பார்த்த பிறகே கத்தியைத் தொட வேண்டும் என்பது அதனால்தான். பள்ளிக்கூடப் பெண்களுக்கு அவசரமே வேண்டாம்; பதினெட்டு, இருபது வயது வரை ஈறு தானாகவே கொஞ்சம் மேலேற இடமுண்டு.

பல் குட்டையாகத் தெரிகிறது என்பதற்காக நல்ல பல்லை ராவி, மேலே உறை மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. மறைந்திருக்கிற சொந்தப் பல்லை வெளியே கொண்டுவருவதை விட்டுவிட்டு, தெரிகிற பல்லையும் தேய்ப்பது என்ன நியாயம்?

மாத்திரையால் வீங்கும் ஈறு

அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்து வீட்டில் மறைத்து வைக்கிற ஒன்று உண்மையில் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக இருக்கலாம். முன்பு ஒழுங்காக இருந்த ஈறு பிறகு தடித்து, உருண்டு, பல்லின் மேல் இறங்கி வருகிறதா? அப்படியானால் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்பதுதான்.

காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின் என்ற மருந்தை அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இரு டாக்டர்கள் 1938-ல் உலகுக்குத் தெரிவித்தார்கள். எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாற்றிய மருந்து அது. மறு வருஷமே, 1939-ல், அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடிக்கிறது என்ற செய்தியும் வந்துவிட்டது. சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது ஓரளவுக்கு வரும் என்பது வைத்தியர்கள் கணக்கு. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் அதிகம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் நிபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளும், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்லோஸ்போரினும் இதே வேலையைச் செய்வதுண்டு.

இங்கேதான் ஆபத்து. வலிப்பு உண்டு என்பதையே வெளியில் சொல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க நினைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. ஈறு வீங்கி, அது போட்டோவில் தெரிய ஆரம்பித்ததும், "இந்த மாத்திரையால்தானே முகம் கெட்டது?" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சரிவில் நின்று காய் எடுக்கிற பெண்ணுக்கோ, காய் உலர்த்தும் ஸ்டோரில் நெருப்புக்குப் பக்கத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கோ, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு போகிற பெண்ணுக்கோ நடுவழியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும்?

மாத்திரையை நிறுத்தாமலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பல்லில் அழுக்குப் படிகிற இடத்தில்தான் இந்த வீக்கம் அதிகமாகிறது. காலை, இரவு இருவேளையும் மெல்லிய தூரிகையால் ஈறு ஓரத்தைத் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் டாக்டரிடம் காரையை எடுத்துக்கொண்டால் வீக்கம் கட்டுப்படும். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் சொன்னால், பொருத்தமாக இருந்தால் ஈறைத் தடிக்க வைக்காத வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றித் தருவார். அப்படியும் நிற்கிற கூடுதல் ஈறைச் செதுக்கிவிடலாம்.

புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் செய்த ஒரு பரிசோதனை 2011-ல் வெளியாயிற்று. புதிதாகப் பெனிட்டாயின் ஆரம்பித்த 120 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் அரை மில்லிகிராம் போலிக் அமிலம், மற்றப் பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வெறும் மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 88 பேருக்கு ஈறு தடித்திருந்தது. போலிக் அமிலம் சாப்பிட்டவர்களில் 21 பேருக்குத்தான்! விலை குறைந்த ஒரு வைட்டமின் செய்த வேலை இது. ஆனால் கடையில் நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. போலிக் அமிலம் ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவைக் குறைக்கக்கூடும். ஆகவே டாக்டர் சொல்லித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வயதுக்கு வரும் பருவத்திலும் கர்ப்ப காலத்திலும் ஈறு வீங்குவதுண்டு. வாயால் மூச்சு விடும் குழந்தைகளுக்கு முன்பக்கத்து ஈறு காய்ந்து தடிக்கும். இவை சுத்தத்தாலும் காலத்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சில வாரங்களுக்குள் ஈறு திடீரென்று வீங்கி, ரத்தம் கசிந்து, கூடவே ஜுரமும் சோர்வும் வெளிறலும் இருந்தால், உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அபூர்வமாக, ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவாக இருந்துவிடும்.

எலும்பும் உதடும்

பல் சரியான நீளம், ஈறும் ஆரோக்கியம், ஆனாலும் ஈறு நிறையத் தெரிகிறது என்றால், உதட்டை இயல்பாக வைத்துக்கொண்டு பாருங்கள். முயன்றால்தான் உதடு மூடுகிறதா? முகத்தின் கீழ்ப்பகுதி நீளமாக இருக்கிறதா? மேல்தாடை எலும்பு கீழ்நோக்கிக் கூடுதலாக வளர்ந்திருக்கலாம். ரெனே லெ போர் என்ற பிரெஞ்சு டாக்டர் 1901-ல், இறந்தவர்களின் தலைகளை வைத்துப் பரிசோதித்து, அடிபட்டால் முகத்து எலும்பு எந்தக் கோட்டில் முறிகிறது என்று எழுதிவைத்தார். அவர் கண்ட முதல் கோட்டிலேயே இன்று டாக்டர்கள் மேல்தாடையை வேண்டுமென்றே பிரித்து, கூடுதல் எலும்பை எடுத்து, தாடையை மேலே ஏற்றித் தகடும் திருகும் போட்டுப் பொருத்துகிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பெரிய ஆபரேஷன் இது. முன்னும் பின்னுமாகப் பல மாதங்கள் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்க வேண்டும். உதடும் கன்னமும் சில காலம் மரத்துப்போகலாம். வளர்ச்சி நின்ற பிறகே செய்யலாம். சாப்பிடவும் உதடு மூடவும் சிரமப்படுகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது யோசிக்கிற காரியமல்ல.

சிலருக்கு எலும்பு சரியாக இருக்கும். மேல் முன்பற்கள் மட்டும் கீழே இறங்கி வந்திருக்கும், கூடவே ஈறும் இறங்கியிருக்கும். அவர்களுக்குக் கம்பி கட்டியே பல்லை மேலே ஏற்றலாம். எலும்பில் சிறு திருகு ஒன்றைப் பதித்து, அதைப் பிடிமானமாக வைத்து இழுக்கும் முறை இப்போது சுலபமாகிவிட்டது.

கடைசியாக உதடு. சிரிக்கும்போது மேலுதடு சாதாரணமாக 6 முதல் 8 மில்லிமீட்டர் ஏறும். சிலருக்கு அதைத் தூக்கும் தசைக்கு உற்சாகம் அதிகம். 10-க்கு மேலும் போகும். மூக்கோரத்திலிருக்கும் அந்தத் தசைக்கு வாயில் நுழையாத நீளத்தில் லத்தீன் பெயர் ஒன்று உண்டு. வாசகர்களை அதால் வதைக்கப் போவதில்லை. கெட்டுப்போன உணவில் விஷமாக உண்டாகிற போட்டுலினம் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் அங்கே ஊசியாகப் போட்டால் தசை தளர்ந்து, உதடு அளவோடு ஏறுகிறது. இதுதான் போடாக்ஸ். வலி குறைவு, நேரமும் குறைவு. ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்தில் வீரியம் போய்விடும். மறுபடி ஊசி, மறுபடி பணம். அளவு தவறினால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். அதுவும் போட்டோவில் விழும்! கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். உதட்டின் உட்பக்கத் தோலில் ஒரு பட்டையை எடுத்துத் தைத்து, உதடு அதிகம் ஏறாமல் செய்யும் முறை 1973-லேயே வந்தது. அதிலும் சிலருக்கு நாளடைவில் உதடு பழையபடி ஏறத் தொடங்கிவிடுகிறது. எலும்பு நீண்டவளுக்கு இந்த இரண்டையும் செய்தால் வீண்செலவுதான்.

ஏலக்காய் மென்றால் ஈறு இறுகும் என்று போடிப் பக்கம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாய் மணக்கும், அவ்வளவுதான்.

எங்கே போவது? தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கிறது. ஈறு வீக்கத்துக்கும் வலிப்பு மாத்திரை மாற்றத்துக்கும் முதலில் அங்கே காட்டலாம். மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கோட்டயத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. தாடை ஆபரேஷன் போன்ற பெரிய காரியங்களுக்கு, 1953-ல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மீட்டர் கேஜ் பாதையை எடுத்ததிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே பார்க்காத போடியிலிருந்து, 2023 ஜூன் 15 முதல் சென்னை சென்ட்ரலுக்கே வண்டி போகிறது. இறங்குகிற இடத்திலிருந்து கல்லூரி அதிக தூரமில்லை.

எங்கே போனாலும் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்குக் காரணம் ஈறா, பல்லா, எலும்பா, உதடா? அதை எப்படி அளந்தீர்கள்? ஒன்றும் செய்யாமல் விட்டால் கெடுதல் உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். போகும்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் சீட்டுகளையும், ஈறு தெரிய வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சிரிப்பு வராது. அந்தப் போட்டோ உதவும்.